உலர் கொட்டகையின் தூசு

தீவிலுள்ள ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் குடியிருந்த தயாளன் கடற்பாலம் கடந்து புக்கிட் தெங்காவுக்கு வேலைக்குப் போய்வந்தார். பழைய வெள்ளீயச் சுரங்கங்கள் கழித்துப்போட்ட கருமணலை வாங்கி, அதில் மிச்சமிருக்கும் தாதுவைப் பிரித்து உருக்காலைக்கு அனுப்பும் தொழிற்சாலை அது.

அவருக்கு ஈர வேலை. சாய்வான மேசை ஓயாமல் குலுங்கும், மேலே தண்ணீர் வழியும். இலேசான மணல் தண்ணீரோடு போய்விடும். கனமான தாது மேசையின் வரிகளைப் பிடித்து நகர்ந்து ஓரத்து வாளியில் விழும். அதைக் காயவைத்துப் பக்கத்துக் கொட்டகையில் காந்த உருளைகளின் மேல் ஓட்டுவார்கள். இரும்பு மணலைக் காந்தம் இழுத்துக்கொள்ள, வெள்ளீயத்தாது தனியே கொட்டும். அங்கே வேலை செய்தவன் ஹஸ்ருல், தயாளனோடு ஒரே மோட்டார் சைக்கிளில் வருகிறவன்.

கொட்டகைத் தூசை வெளியேற்ற ஒரு பெரிய விசிறி இருந்தது. ஒருநாள் சூப்பர்வைசர் கிஷன் அதை நிறுத்தினான்.

“பேன் ஓடினா நைசான தாதெல்லாம் பறந்து போயிடுது லா. மாஸ்க் போட்டுக்கச் சொல்லுங்க.”

“அந்த மாஸ்க்ல இந்தத் தூசு நிக்காது தம்பி,” என்றார் தயாளன்.

“முதலாளி சொல்லிட்டாரு அண்ணே.”

தயாளனே போய் விசிறியைப் போட்டார். மறுநாள் சுவிட்சுப் பெட்டிக்குப் பூட்டு தொங்கியது.

சில வருஷங்களில் ஹஸ்ருலுக்கு இருமல் முற்றியது. அவன் விடுப்பெடுத்த நாட்களில் உருளைகளைத் தயாளன்தான் பார்த்துக்கொண்டார். நுரையீரலில் தூசு படிந்து இறுகிவிட்டது என்றார் டாக்டர். மழைக்காலம் முடியுமுன் ஹஸ்ருல் இறந்துபோனான்.

தயாளன் தொழிலாளர் துறையில் புகார் கொடுத்தார். அதிகாரிகள் வந்த அன்று விசிறி ஓடியது, தரையெல்லாம் கழுவியிருந்தது. எப்போதும் இப்படித்தானா என்று கேட்டார்கள். மற்றவர்கள் தலைகுனிந்து நின்றார்கள்.

“இல்ல சார். இன்னைக்குத்தான் பூட்டத் தொறந்தாங்க,” என்றார் தயாளன்.

அந்த வாரமே அவருக்கு வேலை போயிற்று. ஹஸ்ருலின் மனைவி ஷஹீரா போட்ட இழப்பீட்டு வழக்கில், அவன் சிகரெட் பிடித்துக் கெட்டான் என்று கம்பெனி வாதாடியது. ஷஹீராவுக்காகத் தயாளன் சாட்சி சொன்னார். பாதியில் இருமல் வந்து பேச்சு நின்றது. தண்ணீர் குடித்து, மிச்சத்தையும் சொல்லி முடித்தார். வேலையால் வந்த நோய்தான் என்று தீர்ப்பானது.

அவருடைய எக்ஸ்ரேயிலும் வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. ரிப்போர்ட்டை வாங்கிவந்த மனைவி மோகனா அதை இரண்டு நாள் அவரிடம் சொல்லவில்லை.

பிறகொரு நாள் கிஷன் பழங்களோடு பார்க்க வந்தான். பேச ஒன்றும் கிடைக்காமல் தொழிற்சாலையைப் பற்றிச் சொன்னான்.

“பேனுக்குப் பின்னால துணிப்பை மாட்டிட்டோம் அண்ணே. பறக்குற தாது அதுல வந்து சேந்துடுது. ஒண்ணும் வீணாகல.”

தயாளன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இத அன்னைக்கே மாட்டியிருக்கலாமே தம்பி.”

மோகனா எழுந்துபோய், அவன் கிளம்ப வாசற்கதவைத் திறந்துவிட்டாள்.

படுத்தால் மூச்சு முட்டுகிறது. தயாளன் இப்போதெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குகிறார்.