மச்சிக்கு வந்த வருத்தம்

எங்கள் ஊர்ப் பெண்களுக்குச் சொல்லக் கூச்சமான வருத்தம், நோய்நொடி எதுவும் வருவதில்லை. வந்தால் மச்சிக்குத்தான் வரும்; அண்ணன் தம்பி மனைவிக்கு, இல்லாவிட்டால் கணவரின் சகோதரிக்கு. ஆலங்குடாவில் காற்றுக் காலம் தொடங்கி மணல் பறந்தால் பிள்ளைகளுக்கு முட்டு வந்து மூச்சு இழுக்கும். கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போவோம். மூச்சுக்குப் பம்ப் அடித்தால் பிள்ளைக்குப் பழகிவிடுமா என்று கேட்போம். எழும்பும்போதுதான் மச்சியின் கதையை எடுப்போம்.

அங்கிருந்த நர்ஸ் மிஸ்ஸி உயரமானவர். காலில் போட்ட வெள்ளைச் சப்பாத்தில் எப்போதும் மணல். "பழக்கம் வராது புள்ள, மூச்சுத்தான் வரும்" என்பார். மச்சியின் கதை தொடங்கியதும் எங்கள் முகத்தைப் பார்க்கவே மாட்டார். பிள்ளையின் முகத்தில் மாஸ்க்கைப் பிடித்தபடி காது மட்டும் கொடுப்பார்.

மகனைத் தூக்கிக்கொண்டு போன ஒரு நாள் நானும் கேட்டேன். "எங்கட மச்சிக்கு மார்புல ஒரு கட்டி தட்டுப்படுதாம் மிஸ்ஸி. நோவு இல்லையாம். பயமில்லதானே?"

"நோவு இல்லாட்டியும் காட்டத்தான் வேணும். நாளைக்கு லேடி டொக்டர் வாரா, மச்சியக் கூட்டி வாங்க." மகனின் மூச்சைக் கவனித்துக்கொண்டே சொன்னார்: "அவ வராட்டி நீங்க வந்தாலும் போதும்."

எனக்கு நானாவும் இல்லை, தம்பியும் இல்லை, கணவரோ தனிப்பிள்ளை. மச்சிக்கு எங்கே போவேன்? நான்தான் போனேன். சின்ன ஒப்பரேஷனோடு கட்டி போயிற்று.

பிறகு மகனுக்குப் பம்ப் எடுக்கப் போனபோது, மிஸ்ஸி மாஸ்க்கைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "மச்சி சுகமா?"

"ஓம் மிஸ்ஸி, அல்ஹம்துலில்லாஹ். ஒங்களுக்கு ஸலாம் சொல்லச் சொன்னா."

அந்த ஸலாமுக்குப் பதில் சொல்லும்போதுதான் அவர் என் முகத்தைப் பார்த்தார்.