காற்றிலிருந்து உரம் எடுக்கும் கடல் தூசி

எங்கள் தம்பி போய் வருஷம் ஒன்று திரும்பிவிட்டது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழை இருந்தால் சொந்தபந்தங்கள் பொறுத்துக்கொள்ளவும். ஆனால் அக்கா நான் இருக்க, வேறு யாரையும் இந்த நினைவஞ்சலித் தாளை எழுத விடவில்லை.

தம்பி பிறந்தது அரியலூருக்குக் கிழக்கே எங்கள் கொல்லை வீட்டில். ஏர் ஓட்டினால் கல்லாய்ப் போன சிப்பி புரளும் மண். அப்பா மழையை நம்பி நிலக்கடலை போட்டுத்தான் படிக்கவைத்தார். தம்பி கடல் தண்ணீரை ஆராயும் கப்பலில் வேலைக்குப் போனார். எங்கள் வம்சத்தில் கடல்மேல் படுத்துத் தூங்கியவர் அவர் ஒருவர்தான்.

லீவில் வந்தால் கட்டிலில் மல்லாந்தபடி பேசுவார்.

"ஆறு எதுவும் எட்டாத நடுக்கடல் அக்கா. அலையே இருக்காது. தண்ணி மேல தவிட்டுத் தூசி மாதிரி மைல் கணக்கா மிதக்கும். அதுக்கு உசிரு இருக்கு."

"தூசிக்கு உசிராடா?"

"கடலைச் செடி வேர்ல முண்டு முண்டா இருக்குமே, அதுல இருக்கற கிருமி காத்துலேர்ந்து தழைச்சத்து எடுக்குதுல்ல? இதுவும் அப்படித்தான். யூரியா மூட்டை போகாத எடத்துல மீனெல்லாம் பின்ன எப்படிப் பொழைக்கும்?"

கேட்கக் கேட்கக் கண் சொக்கும். கொல்லை முழுக்கத் தண்ணீர் ஏறி, செடிக்கு மேலே மீன் மெதுவாகப் போவதுபோல் இருக்கும்.

பெரம்பலூர் தனி மாவட்டமான மறு வருஷம், அந்தத் தூசியை உயிரோடு ஒரு கேனில் கொண்டுவந்தார். திருச்சியில் மேலதிகாரிகளிடம் காட்ட வேண்டும், அதை வைத்துத்தான் வேலை நிரந்தரம் என்றார். நிழலில் வைத்துவிட்டுக் குலதெய்வம் கோயிலுக்குப் போனார். நான் திறந்தேன். ஒரே நாற்றம். தண்ணீர் கெட்டுப்போச்சு, தம்பிக்குத் தலைகுனிவு ஆகுமே என்று கீழே ஊற்றிவிட்டேன். கேனைப் புளி போட்டுத் தேய்த்து, கிணற்றுத் தண்ணீரில் கல்லுப்பைக் கரைத்து, வாயில் விட்டுப் பார்த்து நிரப்பினேன்.

திருச்சியில் பார்த்தால் கேனில் ஒரு உயிரும் இல்லை. வேலை இரண்டு வருஷம் தள்ளிப்போனது. "புதுசா வந்தவதான் கொட்டியிருப்பா" என்று உறவெல்லாம் தம்பி மனைவியைப் பேசியது. நான் கொட்டியதை அவள் பார்த்திருந்தாள். வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. தம்பி பிறகு பல கடல் போய்ப் பேர் வாங்கினார். நெஞ்சுவலி வந்து கண்ணை மூடும்வரை அவரிடமும் நான் சொல்லவில்லை.

அன்று கார் எடுத்து ஓடிவந்த பங்காளிகளுக்கும், காரியத்துக்கு வந்து நின்ற கப்பல்காரர்களுக்கும் என் கும்பிடு.

இந்தத் தாளைப் பிழை பார்க்கத் தம்பி மனைவியிடம்தான் கொடுத்தேன். கேன் விஷயத்தை மட்டும் பேனாவால் அடித்துவிட்டு, "அது எதுக்குங்க அண்ணி இப்ப?" என்றாள். அவள் அடித்ததை முழுசாகத் திரும்ப எழுதி, அச்சாபீஸில் நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.