ஃபுல்ஸ்டாப் சார் வீட்டுப் பாடம்

என் அத்தானை மாணவர்கள் ஃபுல்ஸ்டாப் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். வாய்ப்பேச்சில்கூட முற்றுப்புள்ளி கேட்கிற மனுஷன்! மருந்துக் கடைக்கு மேலே ஓர் அறையில், வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலை நேர ஆங்கில வகுப்பு எடுக்கிறார். பலகையில் முதன்மை வாக்கியம் வெள்ளை சாக்பீசில், அதைச் சார்ந்து வருகிற துணை வாக்கியம் மஞ்சளில். "மஞ்சள் தனியா நிக்காது. வெள்ளையைத் தேடுங்க" என்பார். செய்தியா, கேள்வியா, கட்டளையா, வியப்பா என்று வகை சொன்ன பிறகுதான் யாரும் வாயைத் திறக்கலாம். ஆனால் தங்கமான ஆள். அலுத்துப்போய் வகுப்பில் தூங்குகிறவரை எழுப்ப மாட்டார். மறுநாள் அவருக்காக அதே பாடத்தைத் திரும்ப நடத்துவார்.

என் அக்கா ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்கிறவள். அவள் இங்கிலீஷை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்! ஈரத் தரையில் கால் வைக்கப்போன பெரியவர் ஒருவரை, "நோ வாக்கிங் சார்! ஃப்ளோர் வெட். யூ ஃபால், ஐ க்ரை!" என்று நிறுத்தினாளாம். அவர் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, ஊருக்குக் கிளம்பும்வரை தினமும் அவளைத் தேடிவந்து பேசினார். கத்திக்கொண்டு வருகிற ஆளைக்கூட, "சிட் மேடம், வாட்டர் ட்ரிங்க், ஐ டூ" என்று உட்கார வைத்துவிடுவாள். எழுவாயாவது, பயனிலையாவது!

ஹோட்டலில் அவள் சுத்தம் செய்கிற மாடிக்கு மேற்பார்வையாளர் வேலை காலியானது. அக்கா அதற்காகத் துடித்தாள். "கிடைச்சிட்டா இனிமே முட்டி போட்டு பாத்ரூம் தேய்க்க வேண்டாம்டி" என்றாள். அவள் முட்டி வீங்கிக் கிடந்தது எனக்குத் தெரியும். நேர்காணல் இங்கிலீஷில் என்றதும் அத்தானிடம் போய் நின்றாள். அவருக்கு வாயெல்லாம் பல். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அவரிடம் பாடம் கேட்டதே இல்லை.

அடுப்புக்கு மேலே, ஃப்ரிட்ஜ் கதவில், கண்ணாடி ஓரத்தில் என்று வீடு முழுக்க வாக்கியங்களை ஒட்டிவிட்டார். அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டே பயிற்சி செய்வாள்.

"இரு, இரு. 'இஃப்'னு ஆரம்பிச்சே. முதன்மை வாக்கியம் எங்கே?"

"வருதுங்க, வருது."

"மனசுக்குள்ள முழுசா கட்டிட்டு அப்புறம் வாயைத் திற."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவ பேசறது எல்லாருக்கும் புரியுதே, விடுங்களேன் அத்தான்!" என்றேன்.

"புரிஞ்சா போதுமா? மேற்பார்வையாளரா நின்னு தப்புத்தப்பா பேசினா நாலு பேர் சிரிப்பாங்க. இவ ஏன் தலைகுனியணும்?"

அந்த மனசை நான் என்னவென்று திட்டுவது?

நேர்காணல் முடிந்து வந்தவள் எங்கள் இருவரையும் வைத்துக்கொண்டு அழுதாள். மேலாளர் கேட்டது சுலபமான கேள்விதான். கோபமாக வருகிற விருந்தாளியை எப்படிச் சமாளிப்பீர்கள்? ஐயோ, அவள் அன்றாடம் செய்கிற காரியம்! "இஃப்" என்று ஆரம்பித்தாளாம். அப்புறம் மனசுக்குள் வாக்கியத்தைக் கட்டினாள், கலைத்தாள், திரும்பக் கட்டினாள். அவர் பொறுத்துப் பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். அதற்கும் இதே கதை. வேலை வேறொருத்திக்குப் போனது.

அதோடு போயிருந்தால் மனசு ஆறியிருக்கும். அக்கா மாடியில் பேசுவதையே நிறுத்திவிட்டாள். யாராவது ஏதாவது கேட்டால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவாளாம். கடைசியில் அவளே போய்க் கேட்டு, அடித்தளத்துச் சலவைப் பிரிவுக்கு மாற்றிக்கொண்டாள். ஈர விரிப்புகளைத் தூக்கித் தூக்கி இடுப்பொடிகிற வேலை. அதை யாராவது கேட்டு வாங்குவார்களா?

அத்தான் சுவரில் இருந்ததையெல்லாம் கிழித்துப் போட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் இருக்கும்போதே அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மாடிக்கே திரும்பிப் போயிடும்மா. உன் இஷ்டத்துக்குப் பேசு. நான் இனிமே ஒரு வார்த்தை திருத்த மாட்டேன்."

அக்கா அவர்மேல் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்.

"வேண்டாங்க. அங்கே போனா பேசணும். கீழே மெஷின் சத்தத்துல யாரும் என்கிட்ட எதுவும் கேக்க மாட்டாங்க. நிம்மதியா இருக்கு."