பிரேமலாவின் பிளேடும் நான் வைத்த சந்தனமும்

என் மனைவி பிரேமலாவுக்கு நாற்பத்து நான்கு வயது. பகலில் மின் நிலையத்தில் டெக்னீஷியன், மற்ற நேரமெல்லாம் பகுதிநேர முதுகலை மாணவி. மலேசியாவின் கோலசிலாங்கூரில் எங்கள் தாமான் குடியிருப்புக்கே அவள் பெருமை. அந்தப் பெருமையோடு ஒரே வீட்டில் குடித்தனம் நடத்திப் பார்த்தால்தான் பாடு தெரியும்.

அவள் ஆராய்வது எரிவாயு டர்பைனின் பிளேடை. அதன்மேல் மோதும் வாயுவின் சூட்டில் உலோகமே உருகிவிடுமாம். அதனால் பிளேடுக்குள் குளிர்ந்த காற்றைச் செலுத்தி, பொடிப்பொடித் துளைகள் வழியே வெளியே விடுகிறார்கள். அந்தக் காற்று மெல்லிய போர்வையாகப் பிளேடை மூடிக் காக்கும். துளைகளை எப்படி அமைத்தால் சூடு எவ்வளவு குறையும் என்று வீட்டுக் கணினியில் கணக்குப் போடுவதுதான் அவள் ஆய்வு. ஒரு கணக்கு முடிய ஏழு நாள். நான் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன், ரேடியேட்டர் தெரியும். அதனால் எல்லாம் புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

நான்கு துளை அமைப்புகளில் மூன்று முடிந்து, நான்காவது ஐந்து நாளாக ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஆய்வேட்டை அனுப்ப வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை தவணை கேட்டாகிவிட்டது. இம்முறை தவறினால் மூன்று வருடப் படிப்பும் போச்சு.

புதன்கிழமை ஆயுத பூசை. அவள் வேலைக்குப் போயிருந்தாள். லோரி, மோட்டார் சைக்கிள், அரிவாள், மிக்சி என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தேன். இராப்பகலாக உழைக்கும் கணினியை மட்டும் விட மனம் வருமா? முன்பக்கத்துக் காற்று ஓட்டைகள்மேல் குழைத்த சந்தனத்தைத் தாராளமாகப் பட்டை போட்டேன். பின்பக்கம் செவ்வந்தி மாலை. மேலே சிவப்புப் பட்டுத் துணி. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. முக்கால் மணி நேரத்தில் கணினி சூடேறி அணைந்துவிட்டது.

வேலை முடிந்து வந்தவள் துணியை விலக்கிப் பார்த்தாள்.

“என்னாங்க இது?”

“உன் கணக்கு நல்லபடியா முடியணும்னுதான் வெச்சேன்.”

“டிஸ்க்ல இடம் பத்தலன்னு நடுவுல சேவ் பண்ணாம ஓட்டுனேங்க. மொதல்லேருந்து ஏழு நாள் ஓடணும்.”

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தரையில் உட்கார்ந்து, பல்குச்சியால் ஒவ்வொரு ஓட்டையாகச் சந்தனத்தைக் குத்தி எடுத்தாள். எனக்கு அவமானத்தில் அழுகை வந்தது. நானும் ஒரு பல்குச்சியோடு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பாதியில் அவள் கை நின்றது. “எங்க ஸ்டேஷன்லயும் தூசி போய் பிளேடு துளைய அடைக்கத்தான் செய்யுது. நாலாவதுக்குப் பதிலா, முடிஞ்ச மூணாவது டிசைன்ல ஒரு வரிசைத் துளைய அடைச்சுப் பாத்தா என்னா? அந்தக் கணக்கு மேலேயே தொடங்கலாம். ஒன்றரை நாள் போதும்.”

லோரிக்கு லீவு போட்டேன். வீட்டிலிருந்த ஒரே மேசை விசிறி கணினிக்கு, வியர்வை எனக்கு. வெள்ளிக்கிழமை மதியம் கணக்கு முடிந்தது. நாலு ஐம்பதுக்கு ஆய்வேடு போய்ச் சேர்ந்தது.

அடுத்த மாதம் வாய்மொழித் தேர்வு. முடிந்ததும் தேர்வாளர் டாக்டர் சுமையா அவளோடு பேசிக்கொண்டே வெளியே வந்தார்.

“பாஸ்தான், கவலய விடுங்க. அடைபட்ட துளைகள் பத்தி எழுதுனீங்களே, அதுதான் இதுலயே பெஸ்ட். அந்த ஐடியா எங்கேருந்து வந்துச்சு?”

வெளியே நாற்காலியில் காத்திருந்த என்னைப் பிரேமலா கைகாட்டினாள். “இவருதாங்க. எப்படி முழுசா அடைக்கிறதுன்னு செஞ்சே காட்டுனாரு.”

அவர் மரியாதையோடு என் பக்கம் திரும்பினார். “நீங்களும் இந்தத் துறையா சார்?”

“வருஷத்துக்கு ஒரு நாள்தாங்க” என்றேன்.