உதயரூபனின் பெட்டிமேல் ஒரு கண்ணூறுப் பானை

தேற்றாத்தீவு வினாயகமூர்த்திக்குத் தன் மச்சான் உதயரூபனைக் கண்டால் வயிறு எரியும். ஊருக்கே தெரிந்த எரிச்சல் அது. ஆனால் காரணம் இல்லாமல் இல்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். ஆண்பிள்ளை மனைவி வீட்டுக்குப் போய்விட வேண்டும். அப்படி வாவிக்கரைத் தாய்வீடு தங்கை யசோதினிக்குச் சீதனமாகி, அவள் புருஷன் உதயரூபன் அதில் குடியேறினான். வினாயகமூர்த்தி கடற்கரையில் இருந்த மனைவி வீட்டுக்குப் போனார். சுனாமி கடற்கரையைத்தான் கொண்டுபோனது. மனைவியும் மகளும் போனார்கள். வாவிக்கரை வீட்டில் ஒரு ஓடுகூடச் சரியவில்லை.

நிவாரணக்காரர் கட்டிக்கொடுத்த கல்வீட்டில் தனியாக இருந்தார். அவர்கள் கொடுத்த நாலு பிளாஸ்டிக் கதிரைகளில் மூன்று ஒன்றுக்குள் ஒன்றாக மூலையில் கிடந்தன. மத்தியானச் சோற்றை யசோதினி யாரிடமாவது கொடுத்து அனுப்புவாள். மற்றப்படி அவர் வாசலை மிதிக்க ஆளில்லை. வந்தவனிடமெல்லாம் மச்சானைத் திட்டிக்கொண்டிருந்தால் யார்தான் வருவார்?

நாட்டில் சண்டை ஓய்ந்த அடுத்த வருடம் கம்பஸில் படிக்கிற பிள்ளைகள் வாவியில் கம்பம் நட்டு, தண்ணீர் மட்டம் பார்க்கும் சின்னப் பெட்டிகளைப் பூட்டினார்கள். பற்றரிப் பெட்டிகள், தூரத்துக்குப் பேசச் சக்தி இல்லை. ஒவ்வொன்றும் தன் கணக்கைப் பக்கத்துப் பெட்டியிடம் சொல்லும். அது அடுத்ததிடம் சொல்லும். கடைசியில் பாடசாலைக் கூரையில் இருந்த பெரிய பெட்டிக்குப் போய்ச் சேரும். எந்த வழி தெளிவோ அதைப் பெட்டிகளே பார்த்துப் பிடித்துக்கொள்ளும். காவலுக்கு ஆளுக்கொரு பெட்டியை மீனவர்களிடம் ஒப்படைத்தார்கள். உதயரூபனுக்கும் ஒன்று, வினாயகமூர்த்திக்கும் ஒன்று.

அத்தனை பெட்டியும் பிடித்தது உதயரூபனின் பெட்டியை. எல்லாக் கதையும் அதன் தலையில் விழ, பற்றரி சீக்கிரம் தீர்ந்துவிடும். மாற்ற வரும் பிள்ளைகள் யசோதினி கையால் தேத்தண்ணி குடித்து, உதயரூபனோடு படமும் எடுத்துக்கொண்டு போவார்கள். வினாயகமூர்த்தியின் பெட்டி தன் கதையை மட்டும் சொல்லிக்கொண்டு சும்மா நின்றது. பற்றரி தீராத பெட்டியைப் பார்க்க ஒருவரும் வரவில்லை.

"பெட்டிக்கும் அவன்ட முகந்தான் பிடிச்சிருக்கு," என்பார். தோணியில் போகும்போதெல்லாம் அந்தக் கம்பத்தை முறைத்துக்கொண்டே போவார்.

யசோதினி இதைக் கவனித்தாள். பயந்துபோனாள். தோட்டத்தில் வைப்பதுபோல, ஒரு பழைய அலுமினியப் பானைக்குக் கரியும் சுண்ணாம்பும் புள்ளி வைத்து, கண்ணூறு படாமல் புருஷனின் பெட்டிமேல் கவிழ்த்துவிட்டாள். பானைக்குள் அகப்பட்ட பெட்டியின் பேச்சு வெளியே சரியாக எட்டவில்லை. மற்றப் பெட்டிகள் வேறு வழி தேடின. அடுத்த தெளிவான வழி வினாயகமூர்த்தியின் பெட்டி.

இந்தமுறை பற்றரி தீர்ந்தது அவருடையதில். ஏறாவூர் றிஸ்லாவும் கூடப் படிக்கிற இரண்டு பேரும் அவர் வாசலுக்கு வந்தார்கள். கதிரைகளைப் பிரித்துத் துடைத்துப் போட்டார். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். மச்சானைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவ்வளவு சந்தோசம்.

தோணியில் போய்ப் பற்றரியை மாற்றிவிட்டுத் திரும்பும்போது றிஸ்லா பானையைக் கண்டாள்.

"இத ஆரு கவுத்த, ஐயா? இதாலதான் எல்லாப் பெட்டியும் உங்கட பக்கம் திரும்பியிருக்கு."

வினாயகமூர்த்தி புள்ளிகளைப் பார்த்தார். தங்கையின் கை. யாருடைய கண்ணுக்காக என்று எவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

றிஸ்லா பானையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். "இனி உங்களுக்குக் கரைச்சல் இல்ல ஐயா. புதுப் பற்றரி கனகாலம் நிக்கும். நாங்க வரத் தேவையில்ல." நல்ல செய்தி என்று நினைத்துத்தான் சொன்னாள்.

அன்று அவர் கதிரைகளைத் திரும்ப அடுக்கவில்லை. மறுநாள் காலை பானையோடு போய், உதயரூபனின் பெட்டிமேல் தானே கவிழ்த்தார். காற்றுக்கு அசையாமல் கயிறும் கட்டினார்.

கரையில் நின்ற யசோதினி இதைப் பார்த்தாள். மச்சானின் பெட்டிக்கு அண்ணனே காவல் வைக்கிறார் என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மத்தியானம் நண்டுக்கறியும் சோறும் தானே கொண்டுவந்து, அவர் முன்னால் கதிரையில் உட்கார்ந்தாள்.

"உங்களப் பிழையா நினைச்சிட்டன், அண்ணன்."

"சரி, விடு," என்று அவர் முதல் கவளத்தை வாயில் வைத்தார். கறி அப்படி ஒரு ருசி. இதைத்தானே உதயரூபன் நினைத்த நேரமெல்லாம் தின்கிறான் என்று தோன்றியதும், இரண்டாவது கவளம் இறங்கவில்லை.