கை தூக்காத ஏழாம் எண்

தெற்கு ஜார்ஜியாவின் ஹாலோவெல் ஊரில் பாதிப் பேருக்கு மர ஆலையில் சம்பளம். மீதிப் பேருக்கு அந்தச் சம்பளத்தை நம்பிப் பிழைப்பு. அங்கே அடிபட்டவர்களுக்காக வழக்காட இருந்த ஒரே வக்கீல் ரோவீனா டில்மன். கார் மோதியவர்கள், கடைத் தரையில் வழுக்கி விழுந்தவர்கள், நாய் கடித்தவர்கள் என்று முப்பது வருடம் ஓட்டிவிட்டாள். ஆலையின் பெயர் அடிபட்டால் மட்டும் வந்தவர்களை நயமாகப் பேசி அனுப்பிவிடுவாள். அவள் கணவன் ஆலைக்கு டீசல் விற்றுக்கொண்டிருந்தான்.

அவன் இறந்த மறுவருடம் சக்கர நாற்காலியில் கிளெட்டஸ் ஹட்டோ வந்தான். சொந்த லாரியில் ஆலைக்கு வெட்டிய மரத் தடிகளை ஏற்றிப் போனவன். கிரேனின் பிடி விட்டு, தடிகள் அவன் இடுப்பில் விழுந்திருந்தன. ரோவீனா இந்த முறை மறுக்கவில்லை.

செய்தி பரவியதும் ஊர் ஓசையில்லாமல் விலகியது. தேவாலயத்தில் அவள் உட்கார்ந்த வரிசையில் வேறு யாரும் உட்காரவில்லை. தீர்ப்புச் சொல்லும் ஜூரியை ஊர்க்காரர்களிலிருந்து தேர்ந்தெடுக்கும் நாளன்று கதவைத் திறந்தால், வாசலில் ஒரு லாரி அளவுக்குப் பைன் மரப்பட்டை கொட்டிக் கிடந்தது. கார் வெளியே வர வழியில்லை. நீதிமன்றத்துக்கு நடந்தே போனாள்.

ஜூரித் தேர்வுக்கு அழைக்கப்பட்ட இருபத்துநாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். "உங்க வீட்டுல, சொந்தத்துல யாராச்சும் ஆலைல வேலை பாக்குறாங்களா?" என்று கேட்டாள். பதினேழு கைகள் எழுந்தன. "ஆலைல யாருக்காவது அடிபட்டு, உயிர் போயி, அதனால ஆலை மேல மனத்தாங்கல் உள்ளவங்க?" ஒரு கையும் எழவில்லை.

ஏழாம் எண், பள்ளிக்கூடச் சமையல்காரி வான்சில் சாப். அறுபது வயதிருக்கும். மடியில் கை கோத்து, ரோவீனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஏழாம் நம்பரு ஏன் உங்கள முழுங்குற மாதிரி பாக்குது, வக்கீலம்மா?" என்று கிளெட்டஸ் முணுமுணுத்தான்.

"பாக்கட்டும்பா. மூஞ்சியத் திருப்பிக்கிறவங்கதான் நமக்கு ஆபத்து."

காரணம் சொல்லாமல் ஆறு பேரை நீக்க அவளுக்கு உரிமை இருந்தது. ஆறையும் ஆலை மேஸ்திரிகளின் குடும்பத்தாரை நீக்கவே செலவழித்தாள். ஏழாம் எண்ணை ஆலை வக்கீலும் தொடவில்லை. வான்சில் ஜூரியில் உட்கார்ந்தாள்.

மூன்றாம் நாள், கிரேனுக்கடியில் தடிகள் சிதறிக் கிடந்த படத்தை ரோவீனா ஜூரியிடம் காட்டினாள். வான்சில் கண்ணை மூடினாள். உதடுகள் ஏதோ பெயரைச் சொல்வதுபோல் அசைந்தன. அப்போதுதான் ரோவீனாவுக்கு அந்த முகம் பிடிபட்டது. பதினோரு வருடத்துக்கு முன், வான்சில் கிரிப் என்ற பெயரில், மகனின் பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு ரோவீனாவின் அலுவலகத்தில் அழுதவள். மகன் டூயி அதே கிரேனுக்கடியில் செத்திருந்தான். "சாட்சி கிடைக்காதும்மா" என்று சொல்லி ரோவீனா அனுப்பிவிட்டாள். இப்போது மறுமணத்தில் பெயர் மாறியிருந்தது.

இடைவேளையில் கிளெட்டஸிடம் இதைச் சொன்னாள்.

"அப்ப அந்தம்மா நம்ம பக்கந்தான? பேசாம இருங்க."

"தெரிஞ்சும் மறைச்சா நாளைக்கு என் உரிமமும் போகும், உன் தீர்ப்பும் செல்லாது. நீதிபதிகிட்ட சொல்லியாகணும்."

"சொன்னா அந்தம்மா எடத்துல அந்த மாத்து ஆளு உக்காருவான். அவன் முழிய பாத்தீங்களா? என்னை ஏற்கெனவே புதைச்சிட்டான்."

அவள் நேராக நீதிபதியின் அறைக்குப் போனாள். ஆலை வக்கீலும் வந்தார். வான்சிலை அழைத்துவந்தார்கள்.

"கேட்டப்ப ஏம்மா கை தூக்கல?" என்றார் நீதிபதி.

"ஆலை மேல மனத்தாங்கல் இருக்கான்னுதானே ஐயா கேட்டாங்க? அது மிஷினு, கம்பெனி. அதுகிட்ட என்னத்த எதிர்பார்க்கிறது?" வான்சில் ரோவீனாவைக் காட்டினாள். "எனக்கு மனத்தாங்கல் இந்தம்மா மேலதான்."

வான்சிலை நீக்கி மாற்று ஜூரரை உட்கார வைத்தார் நீதிபதி. அவள் கிளெட்டஸைத் தோற்கடிக்க வந்தாளா, ரோவீனா எப்படி வழக்காடுகிறாள் என்று பார்க்க வந்தாளா என்று யாரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை தீர்ப்பு வந்தது: ஆலை மீது குற்றமில்லை. கிளெட்டஸ் அழவில்லை. "நீங்க செஞ்சது சரிதான், வக்கீலம்மா. ஆனா இனி என் கண்ணுல படாதீங்க" என்று சொல்லிவிட்டு, அக்கா வீட்டுக்கே போய்விட்டான்.

மறுநாள் ரோவீனா வான்சிலின் வீட்டுக்குப் போனாள். வலைக்கதவு திறக்கவில்லை. உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "டூயி செத்தன்னிக்கு கிரேன் ஓட்டுனவன் எங்கிட்ட வந்து கால்ல விழுந்தான். பிடி பழுதுன்னு மூணு தடவ எழுதிக் குடுத்தானாம். லெஸ்டர் பூனுன்னு பேரு. சாட்சி இல்லேன்னீங்களே, என்னை ஒரு வார்த்த கேட்டீங்களா?"

லெஸ்டர் பூனைக் கண்டுபிடித்து, அவன் வாக்குமூலத்தோடு கிளெட்டஸ் வழக்கில் மறுவிசாரணை கேட்டாள் ரோவீனா. நீதிபதி தள்ளுபடி செய்தார். அந்தச் சாட்சி பதினோரு வருடமாக உள்ளூரிலேயே இருந்தவர், தேடியிருந்தால் கிடைத்திருப்பார் என்று உத்தரவில் எழுதினார்.

கிரேன் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த மார்ச்சில் அதற்கடியில் இன்னொரு லாரிக்காரன் செத்துப்போனான். அவன் மனைவி அலுவலகத்துக்கு வருமுன் ரோவீனாவே அவள் வீட்டுக்குப் போய், சமையலறை மேசையில் உட்கார்ந்து, நடந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டாள். அந்த வழக்கில் பூனுக்குப் பிறகு வான்சிலும் சாட்சி சொன்னாள். ரோவீனாவின் கேள்விகளுக்கு, அவள் முகத்தைப் பார்க்காமலே பதில் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். இந்த முறை ஆலை தோற்றது.