வண்டி நேரத்து மாத்திரை

எங்கள் சித்திக்கு வலிப்பு வரும். இந்த ஒரு வரியை அம்மா உயிரோடு இருந்தவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. "அவளுக்கு மேலுக்கு முடியல" என்பாள், அவ்வளவுதான். சித்தி அம்மாவின் தங்கை. தாய் தகப்பன் இல்லாததால் பாம்பனில் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். எனக்குத் தலை சீவிச் சடை போடுவதும், என்னோடு சண்டை பிடிப்பதும், பிறகு தானே சமாதானத்துக்கு வருவதும் அவள்தான். அம்மாவுக்குக் கருவாடு காயப்போடவே பொழுது சரியாக இருந்தது.

அப்பாவை நான் அய்யா என்பேன். அய்யா அவளை இராமநாதபுரத்துக்குக் கூட்டிப்போய் ஒரு டாக்டரிடம் காட்டினார். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள். வேளை தவறக் கூடாது, இரண்டு மாத்திரையை அடுத்தடுத்துக் கொடுத்துவிட்டால் தூங்குகிறவள் எழுந்திருக்கவே மாட்டாள் என்று டாக்டர் எச்சரித்து அனுப்பினார். வீட்டில் கடிகாரம் உண்டா என்று அவர் கேட்டதற்கு அய்யா, "கடியாரம் இல்லைங்க, வண்டி இருக்கு" என்றாராம். பாம்பன்காரர்களுக்கு வண்டி என்றால் ரயில். அது காலையிலும் மாலையிலும் பாலத்தில் ஏறும் சத்தம் ஊருக்கே கேட்கும். சரி, வண்டி பாலத்தில் ஏறும்போது கொடுங்கள் என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

அம்மா அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள். மாத்திரை டப்பாவை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். வண்டிச் சத்தம் கேட்டால்தான் பெட்டி திறக்கும். ஒரு வருடத்துக்கு மேல் சித்திக்கு ஒன்றும் வரவில்லை. முகம் தெளிந்தது. மாதா கோயிலில் பாட்டுப் பாட ஆரம்பித்தாள். பக்கத்து ஊரான தங்கச்சிமடத்திலிருந்து அவளைப் பெண் கேட்டு வந்தார்கள். வலிப்பைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் மூச்சு விடவில்லை. சித்தி மட்டும் ஒருமுறை, "சொல்லிருவமாக்கா?" என்று கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். அவளுக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. சேலை மடிக்கும்போதும் தனியாகச் சிரிப்பாள். எனக்குத்தான் அந்தக் கல்யாணமே பிடிக்கவில்லை. யார் எனக்குச் சடை போடுவது?

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பெண், மாப்பிள்ளை பெயரைச் சாமியார் வாசிப்பார். தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும். அதற்கு ஓலை வாசிப்பது என்று பெயர். முதல் ஓலை வாசித்த வாரத்தில்தான் ரயில்காரர்கள் நேரத்தை மாற்றினார்கள். காலை வண்டி பழையபடியே வந்தது. பொழுது சாயும்போது வந்துகொண்டிருந்த மாலை வண்டி, விளக்கேற்றி, சோறு தின்று, சட்டி கழுவிக் கவிழ்க்கும் நேரத்துக்குத் தள்ளிப்போனது.

ஊரில் எல்லோரும் ஒருநாள் முணுமுணுத்துவிட்டு மறந்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் மட்டும் மாத்திரையும் வண்டியோடு சேர்ந்து தள்ளிப்போனது. பொழுது அடையும் நேரத்தில் சித்திக்குக் கை நடுங்கும். பார்வை ஓரிடத்திலேயே குத்தி நிற்கும்.

"அக்கா, இப்பவே குடுத்துரு. எனக்கு என்னமோ பண்ணுது."

"வண்டி வரலையேடி."

"வண்டிதான லேட்டு. பொழுதா லேட்டு?"

"இந்த ஐப்பசி மூட்டத்துல பொழுத எங்கிட்டுக் கண்டேன்? முன்னப்பின்ன குடுத்து நீ முழிக்காமப் போயிட்டா நான் என்ன செய்வேன்?"

காலை மாத்திரைக்கும் மாலை மாத்திரைக்கும் நடுவே இடைவெளி நீண்டுபோனது அம்மாவுக்கு உறைக்கவே இல்லை. அய்யா சொல்லிப் பார்த்தார். டாக்டரை விட நீங்கள் பெரிய ஆளா என்று அவர் வாயையும் அடைத்துவிட்டாள். அம்மாவைக் கல்நெஞ்சக்காரி என்று நினைத்தேன். பாவம், வலிப்பை விட அந்த மாத்திரைக்குத்தான் அவள் அதிகம் பயந்தாள்.

இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிறு மாலை, மாப்பிள்ளையின் தாயார் பெண்ணைப் பார்த்துப்போக வந்திருந்தார். எல்லோருமாகக் கோயிலுக்குக் கிளம்பினோம். சித்தி டிரங்குப் பெட்டியருகே நின்று அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். விருந்தாளி முன்னால் வாய்திறந்து கேட்க முடியாது. அம்மாவும், "வந்து பாத்துக்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

செபமாலை பாதியில் இருக்கும்போது என் பக்கத்தில் சித்தியின் குரல் நின்றது. நான் திரும்புவதற்குள் விழுந்துவிட்டாள். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. "கையில இரும்பக் குடுங்க" என்று யாரோ கத்தி முடிப்பதற்குள் அம்மா அவளை ஒருபக்கமாகச் சாய்த்து, வாயோரத்தை முந்தானையால் ஒற்றி, இடுப்புச் சாவியை உருவி உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிப் பிடித்துக்கொண்டாள். மாத்திரைப் பெட்டியின் சாவி அது. கோயிலே பதறியது, அம்மா பதறவில்லை. அதுதான் காட்டிக்கொடுத்துவிட்டது.

மாப்பிள்ளையின் தாயார் அம்மாவின் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். "பழகுன கையாவுல்ல தெரியுது" என்றார். சத்தம் போடவில்லை, சண்டைக்கும் வரவில்லை. படியிறங்கிப் போய்விட்டார்.

சித்தியை வீட்டுக்குத் தூக்கிவந்து கிடத்திய பிறகுதான் பாலத்தில் வண்டி ஏறியது. அம்மா எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்து, வேளை தவறாமல் மாத்திரையைக் கொடுத்தாள்.

அந்த வாரமே அய்யா டாக்டரிடம் ஓடினார். ஓர் அடையாளத்துக்கு வண்டியைச் சொன்னால் அதையே கட்டிக்கொண்டு அழுவீர்களா என்று டாக்டர் தலையில் அடித்துக்கொண்டாராம். நேரத்தைப் பழைய இடத்துக்கு எப்படிக் கொண்டுவருவது என்றும் சொல்லிக்கொடுத்தார். வீட்டுக்குக் கடிகாரமும் வந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து அந்த வாரம் யாரும் வந்து ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் ஞாயிறு சித்தி பூசைக்கு வரவில்லை. சாமியார் ஓலை வாசித்தபோது காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேறு இரண்டு சோடிகளின் பெயர் வந்தது. சித்தியின் பெயர் வரவில்லை. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பூசை முடிந்ததும் எல்லோருக்கும் முன்னால் கடற்கரைக்கு ஓடினேன். சித்தி மணலில் குந்தி, காய்கிற சாளை மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"சித்தி, ஓம் பேர வாசிக்கல! நீ எங்கயும் போக வேணாம்!"

அவள் கை நின்றது.

"நல்லாக் கேட்டியா தாயீ?"

"நல்லாக் கேட்டேன். மத்தவுக பேரெல்லாம் வாசிச்சாக. ஒன்னோடது இல்ல."

சித்தி கையிலிருந்த மீனைக் கீழே வைத்தாள். பிறகு, "வாசிக்கவே இல்லையா?" என்று மறுபடியும் கேட்டாள். கடல் இரைச்சலில் அவளுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, கரையில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி, நான் இன்னும் உரக்கச் சொன்னேன்.